புழுதி நெல்லுக்குக் கண்மாயில் மிஞ்சியிருப்பது 30 மணி நேரத் தண்ணீர்: எப்போது, எந்த வயலுக்கு விடுவது?

கேட்டவர்: கண்மாய்க்கரை (திருவாடானைப் பக்கம்) | டிசம்பர் 5

மானாவாரி நேரடி விதைப்பு, மொத்தம் 3 ஏக்கர். ஒன்றரை ஏக்கரில் அண்ணா(ஆர்)4, ஒன்றரை ஏக்கரில் ஆர்.என்.ஆர். 15048. புழுதியில் கைவிதைப்பு. முளைக்க வைத்த மழை அக்டோபர் 16, ஆக இன்றைக்குப் பயிர் வயது 50 நாள். கடைசியாக நல்ல மழை பெய்து 19 நாள் ஆகிறது. களிமண் பாங்கான நிலம், ஒரு விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. மதியம் இலை ஊசியாகச் சுருண்டுவிடுகிறது.

கண்மாயில் கலுங்கு (உபரி நீர் வழியும் இடம்) மட்டத்துக்குக் கீழே குழியில் மட்டும் தண்ணீர். முறை வைத்துப் பிரித்ததில் என் பங்குக்கு ஆயில் எஞ்சின் 30 மணி நேரம் ஓட்டலாம். 200 லிட்டர் டிரம் 25 விநாடியில் நிறைகிறது.

கேள்விகள்:
1. இப்போதே 3 ஏக்கருக்கும் ஒரு நனைப்பு விடலாமா, இல்லை கதிர் வரும்வரை வைத்திருக்கலாமா?
2. இரண்டாம் மேலுரம் யூரியா இன்னும் போடவில்லை. காய்ந்த மண்ணில் போட்டால் பிறகு மழை வந்ததும் பிடித்துக்கொள்ளுமா?
3. இலைவழித் தெளிப்பு ஏதாவது பலன் தருமா?
4. காப்பீடு செய்திருக்கிறேன். 72 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும் என்கிறார்கள், உண்மையா?

---

மானாவாரி_63

முதலில் கணக்கைப் போட்டுவிடுவோம் தம்பி. 200 லிட்டர் 25 விநாடி என்றால் விநாடிக்கு 8 லிட்டர், மணிக்கு 28,800 லிட்டர். 30 மணிக்கு சுமார் 8.6 லட்சம் லிட்டர். ஒரு ஏக்கரில் 5 செ.மீ. தண்ணீர் நிற்க 2 லட்சம் லிட்டர் வேண்டும். காகிதத்தில் பார்த்தால் 3 ஏக்கருக்கு 6 லட்சம், போதும் போலத் தோன்றும். ஆனால் விரல் நுழையும் வெடிப்பில் முதல் 2 செ.மீ. வேரைத் தொடாமல் நேரே கீழே போய்விடும். அதனால் முதல் நனைப்புக்கு 7 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள்: ஒன்றரை ஏக்கருக்கு 4.25 லட்சம் லிட்டர், கிட்டத்தட்ட 15 மணி நேரம். அதாவது 3 ஏக்கருக்கும் ஒரே ஒரு நனைப்பு விட்டாலே 30 மணியும் தீர்ந்தது. அதற்குப் பிறகு பூக்கும்போது கையில் ஒன்றுமில்லை.

இரண்டு ரகத்தையும் ஒரே பயிராக நினைப்பதுதான் தவறு. அண்ணா 4 நூறு முதல் 105 நாள் ரகம். பூப்பது சுமார் 75ஆம் நாள். அதிலிருந்து 25, 30 நாள் முன்னால் கதிர்க் கரு உருவாகும், அதாவது இப்போதே. ஆர்.என்.ஆர். 125 நாள், பூக்க 95 ஆகும், கதிர்க் கரு 65ஆம் நாளுக்குப் பிறகுதான். அது இன்னும் தூர் கட்டும் பருவத்தில் நிற்கிறது. தூர்ப் பருவத்தில் காய்ந்த நெல் கொஞ்சம் தூர் குறையும், பூப்பு ஒரு வாரம் பத்து நாள் தள்ளிப் போகும், மழை வந்தால் பெருமளவு தேறும். கதிர் வரும் நேரத்தில் காய்ந்தால் தேறாது.

அதனால் என் கருத்து: 25 மணி நேரத்தை அண்ணா 4க்கு இரண்டு நனைப்பாக வையுங்கள். முதலாவது 15 மணி, இரண்டாவது வெடிப்பு மூடிய பிறகு 5 செ.மீ. போதும், பத்தரை மணி. மிச்சம் இருப்பது நாலரை, ஐந்து மணி. அதை ஆர்.என்.ஆர். ஒன்றரை ஏக்கர் முழுக்கப் பரப்பினால் 2 செ.மீ.தான் வரும், அவ்வளவும் வெடிப்புக்குள் போய்விடும். கண்மாய்க்குப் பக்கத்தில் உள்ள அரை ஏக்கருக்கு மட்டும் வரப்பு கட்டி 7 செ.மீ. விடுங்கள். மீதி ஒரு ஏக்கர் மழையை நம்பி நிற்கட்டும். கேட்கக் கசப்பாக இருக்கும், ஆனால் மூன்று ஏக்கரையும் அரைகுறையாக நனைத்து மூன்றையும் பதராக்குவதைவிட இது மேல்.

யூரியா: காய்ந்த மண்ணில் போடாதீர்கள். மேலே கிடக்கும் யூரியா காலைப் பனியில் கரைந்து அம்மோனியாவாகக் காற்றில் போகும். நனைப்பு விட்டு, தண்ணீர் சுண்டி, மண் ஈரமாகக் கால் பதியும் பதத்தில் ஏக்கருக்கு 20 கிலோ யூரியா, 10 கிலோ பொட்டாஷ். நனையாத ஆர்.என்.ஆர். வயலுக்கு மழை வரும்வரை ஒன்றும் வேண்டாம். தழைச்சத்து ஏறிய பயிர் இலை அகலமாகி இன்னும் அதிகத் தண்ணீர் கேட்கும்.

---

தொண்டைக்கதிர்

மேலே சொன்ன கணக்கு சரி, ரகம் பிரித்ததும் சரி. தேதியில்தான் எனக்கு ஒரு மாற்றுக் கருத்து.

கதிர்க் கரு உருவாகும் நேரத்தில் வறட்சி வந்தால் கதிரில் கிளையும் மணி எண்ணிக்கையும் குறையும். அது நஷ்டம்தான், ஆனால் இருக்கிற மணி நிறையும். அதைவிட மோசமான இடம் இரண்டு. ஒன்று, பூப்பதற்கு 10, 12 நாள் முன்னால், தொண்டைக்கதிராக (கதிர் இலை உறைக்குள்ளேயே புடைத்து) இருக்கும்போது மகரந்தம் உண்டாகும் நேரம். அப்போது தண்ணீர் இல்லையென்றால் மகரந்தத்தில் மாவுச்சத்து சேராது, மலடாகிவிடும். அதற்குப் பிறகு எத்தனை மழை பெய்தாலும் அந்த மகரந்தம் திரும்ப உயிர் பெறாது. இரண்டாவது, கதிர் வெளிவந்து பூக்கும் நாட்கள். கதிரைத் தள்ளிவிடும் காம்பு நீளாது, கதிரின் அடிப்பாகம் கண்ணாடி இலையின் (கடைசி இலை) உறைக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும், உள்ளே கிடக்கும் மணி எல்லாம் சாவி, அதாவது பதர்.

இப்போது தேதியைப் பாருங்கள். அண்ணா 4 பூப்பு டிசம்பர் 30 வாக்கில். மகரந்தம் உண்டாவது 18 முதல் 20க்குள். இந்த மாதத்தில் பயிரும் மண்ணும் சேர்ந்து நாளுக்கு 4 முதல் 5 மி.மீ. குடிக்கும் என்று வைத்தால், வேர்மண்ணில் தங்கும் 5 செ.மீ. பத்து, பன்னிரண்டு நாள் தாங்கும். நாளைக்கே நனைத்தால் 17, 18ஆம் தேதியோடு தீர்ந்து, சரியாக அந்த மோசமான நேரத்தில் பயிர் மறுபடி சுருளும். 11 அல்லது 12ஆம் தேதி நனைத்தால் 23 வரை இழுக்கும், அடுத்த நனைப்பு 24, 25இல் விட்டால் பூப்பு முழுக்க ஈரத்தில் முடியும்.

ஆனால் ஐந்தாறு நாள் காத்திருக்கப் பயிர் தாங்குமா என்று பார்க்க வேண்டும். மதியம் இலை சுருள்வதை வைத்து முடிவு செய்யாதீர்கள், அது பயிர் தன்னைக் காத்துக்கொள்வது. காலை 7 மணிக்குப் போய்ப் பாருங்கள்.

– காலையில் இலை விரிந்திருந்து 11 மணிக்கு மேல் சுருண்டால்: காத்திருக்கலாம்.
– காலை 7 மணிக்கே பாதி சுருண்டிருந்தால்: இரண்டு நாளைக்குள் விடுங்கள்.
– காலையிலும் ஊசியாக இருந்து, இலை நுனி மூன்றில் ஒரு பங்கு காய்ந்திருந்தால்: தேதி பார்க்காமல் அன்றே விடுங்கள்.

இன்னொன்று, நாட்காட்டியை மட்டும் நம்பாதீர்கள். வறட்சியில் பூப்பு தள்ளிப் போகும். வயலில் ஐந்தாறு இடத்தில் தாய்த்தூரைப் பிடுங்கி, வேருக்கு மேலே பிளேடால் நீளவாக்கில் பிளந்து பாருங்கள். மேல் கணுவுக்குச் சற்று மேலே 1, 2 மி.மீ. அளவில் வெள்ளையாகப் பஞ்சு நுனி மாதிரித் தெரிந்தால் அதுதான் கதிர்க் கரு. அது தெரிந்த நாளிலிருந்து 25, 30 நாளில் பூப்பு.

---

வரப்போரம்

தண்ணீர் விடுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய இரண்டு வேலையை யாரும் சொல்லவில்லை.

களை. கோரையும் குதிரைவாலிப் புல்லும் நெல் குடிக்கும் அதே ஆழத்தில்தான் குடிக்கின்றன. நனைப்புக்கு முன்னால் எடுத்துவிடுங்கள். களைக்கொத்தால் மேலாகக் கொத்தி எடுத்தால் உதிர்ந்த மண் வெடிப்பில் விழுந்து வாயை அடைக்கும், 7 செ.மீ. கணக்கு 6க்கு இறங்கும். ஆழமாகக் கொத்தாதீர்கள், ஒரு அங்குலம் போதும், 50 நாள் பயிருக்குப் பக்க வேர் மேலாகத்தான் ஓடும். பிடுங்கிய களையை வரப்பில் எறியாமல் வெடிப்பு மேலேயே பரப்புங்கள்.

வாய்க்கால். 100 மீட்டர் மண் வாய்க்காலில் காய்ந்த களியில் ஓட்டினால் எஞ்சின் தள்ளுவதில் நல்ல பங்கு வழியிலேயே போய்விடும். சுருட்டுக் குழாய் வாடகைக்கு எடுங்கள். டீசல் விலைக்கு அது லாபம். வயலைப் பத்துப் பன்னிரண்டு பாத்தியாகப் பிரித்து, தூரத்துப் பாத்தியில் தொடங்கி எஞ்சினை நோக்கி வாருங்கள். மாலை 5 மணிக்கு மேல் ஓட்டுவது நல்லது.

அடுத்த முறை வெடிப்பு மயிரிழை அளவில் இருக்கும்போதே விட்டுவிட வேண்டும், விரல் அளவுக்குப் போகவிட்டால் பாதி உழைப்பு பூமிக்கடியில்.

---

கண்மாய்க்கரை (கேட்டவர்)

எல்லோருக்கும் நன்றி அண்ணே. இன்று காலை 7 மணிக்குப் பார்த்தேன். அண்ணா 4 விரிந்துதான் இருக்கிறது, நுனி மட்டும் லேசாகக் காய்ச்சல். பிளேடு வைத்துப் பிளந்ததில் ஆறில் நாலு தூரில் வெள்ளை நுனி தெரிகிறது. ஆர்.என்.ஆர்.இல் ஒன்றுமில்லை. ஆனால் ஆர்.என்.ஆர்.இல் அங்கங்கே வட்டமாகப் பயிர் குட்டையாகி, குருத்து இலை வெளுத்திருக்கிறது. இதுவும் வறட்சிதானா?

---

தொண்டைக்கதிர்

இரண்டு தனித்தனி விஷயமாக இருக்கலாம், பிரித்துப் பாருங்கள்.

குருத்து இலை மட்டும் வெளுத்து, அடி இலை பச்சையாக இருந்தால் இரும்புச்சத்துப் பற்றாக்குறை. தண்ணீர் நிற்கும் வயலில் இரும்பு கரைந்து கிடைக்கும், காய்ந்த மண்ணில் துருவாகி வேருக்கு எட்டாது. நேரடி விதைப்பில் இது சகஜம். இரும்பு சல்பேட் 1 சதம், அதாவது லிட்டருக்கு 10 கிராம், கூடவே சிட்ரிக் அமிலம் 1 கிராம். புதிதாகக் கரைத்து உடனே தெளிக்க வேண்டும், கரைசல் செம்மண் நிறமாக மாறிவிட்டால் பயனில்லை. பத்து நாள் இடைவெளியில் இரண்டு தடவை.

வட்டமாகக் குட்டையாகி, இலை மஞ்சளித்துச் சுருண்டு, தண்டை ஒட்டிய இலை உறையைப் பிரித்தால் உள்ளே வெள்ளை மாவு மாதிரி ஒட்டியிருந்தால் அது மாவுப்பூச்சி. காய்ந்த வயலில், அதுவும் மேடான திட்டில்தான் வரும். அந்தத் தூர்களை மட்டும் பிடுங்கி எரித்துவிடுங்கள், வயல் முழுக்க மருந்தடிக்க வேண்டியதில்லை. தண்ணீர் நின்றால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

தூரைப் பிடித்து இழுத்ததும் வேரில்லாமல் வந்துவிட்டால் கரையான்.

கதிர் வந்த பிறகும் இதே மாதிரி ஒரு குழப்பம் வரும், இப்போதே சொல்லிவைக்கிறேன். வெள்ளைக் கதிரைக் கண்டதும் தண்டுத் துளைப்பான் என்று மருந்து வாங்கப் போவார்கள். கதிரைப் பிடித்து இழுங்கள்: சுலபமாக உருவிக்கொண்டு வந்து அடியில் கடித்த தடம் இருந்தால் புழு. இழுத்தாலும் வராமல் நுனி மணிகள் மட்டும் வெளுத்திருந்தால் வறட்சி. இரண்டாவதற்கு எந்த மருந்தும் கிடையாது.

---

மானாவாரி_63

12ஆம் தேதி என்ற திருத்தத்தை ஏற்றுக்கொள்கிறேன், காலையில் இலை விரிந்திருப்பதால் அதுவே சரி.

தெளிப்பு பற்றிக் கேட்டிருந்தீர்கள். தெளிப்பால் தண்ணீருக்கு மாற்று வராது. இருக்கிற ஈரத்தை இரண்டு மூன்று நாள் இழுத்துக் கொடுக்கும், அவ்வளவுதான். மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், எல்லாவற்றையும் ஒரே டேங்கில் ஊற்றாதீர்கள்.

பி.பி.எஃப்.எம். நுண்ணுயிர்: லிட்டருக்கு 10 மி.லி. கதிர்க் கரு நேரத்தில் ஒரு தெளிப்பு. விலை குறைவு, அண்ணா 4க்கு இப்போதே அடிக்கலாம். இது உயிருள்ள பாக்டீரியா, பூச்சி மருந்தோ பூஞ்சைக்கொல்லியோ அடித்திருந்தால் முன்னும் பின்னும் ஒரு வாரம், பத்து நாள் இடைவெளி வேண்டும்.

கேயோலின் களி: 3 சதம், 10 லிட்டர் டேங்குக்கு 300 கிராம். இலையில் வெள்ளைப் பூச்சாகப் படிந்து வெயிலைத் திருப்பும். நனையாத ஆர்.என்.ஆர். வயலுக்கு இது பொருந்தும். நன்றாக வடிகட்டாவிட்டால் நாசில் அடைக்கும்.

டி.ஏ.பி. 2 சதமும் பொட்டாஷ் 1 சதமும்: ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீருக்கு 4 கிலோ டி.ஏ.பி., 2 கிலோ வெள்ளைப் பொட்டாஷ். டி.ஏ.பி.யை முந்தின நாள் மாலை 10 லிட்டரில் ஊறவைத்து, காலையில் தெளிந்ததை மட்டும் துணியில் வடித்து எடுங்கள். இதை நனைப்பு விட்ட மூன்றாம் நாளுக்குப் பிறகு அடிக்க வேண்டும். சுருண்ட இலையில் உப்புக் கரைசல் பட்டால் கருகும், இலைத்துளையும் மூடியிருக்கும், உள்ளே போகாது.

எல்லாவற்றுக்கும் காலை 9க்கு முன் அல்லது மாலை 4க்கு மேல்.

---

அடங்கல்

காப்பீட்டுக் கேள்விக்கு. 72 மணி நேர விதி வறட்சிக்குக் கிடையாது. பிரதமர் பயிர்க் காப்பீட்டில் அந்த விதி ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, வயலில் வெள்ளம் சூழ்வது, அறுத்துப் போட்ட பயிர் மழையில் நனைவது போன்ற தனி வயல் சேதத்துக்குத்தான். வறட்சி இழப்பு உங்கள் வயலை வைத்துப் பார்ப்பதில்லை. உங்கள் ஊருக்கு அறிவித்த காப்பீட்டு அலகில், பெரும்பாலும் வருவாய் கிராமம், பயிர் அறுவடைச் சோதனை நடத்தி, 5 மீட்டருக்கு 5 மீட்டர் அளந்து அறுத்து எடை போட்டு, வரும் சராசரி உத்தரவாத மகசூலைவிடக் குறைந்தால் அந்த அலகில் பதிவு செய்த எல்லோருக்கும் ஒரே விகிதத்தில் கிடைக்கும். இதிலிருந்து இரண்டு விஷயம் புரிந்துகொள்ளுங்கள். நீங்கள் தண்ணீர் விட்டுக் காப்பாற்றியதால் உங்களுக்கு இழப்பீடு குறையாது. உங்கள் வயல் மட்டும் காய்ந்து ஊர் விளைந்திருந்தால் ஒன்றும் வராது.

செய்ய வேண்டியது: சோதனைக்குக் குலுக்கலில் எந்தச் சர்வே எண் வந்திருக்கிறது என்று கிராம நிர்வாக அலுவலரிடமும் வேளாண் உதவி அலுவலரிடமும் கேட்டு, அறுக்கும் அன்று ஊரார் நாலு பேர் உடன் நில்லுங்கள். அடங்கலில் (கிராமப் பயிர்ப் பதிவேடு) பயிர், ரகம், பரப்பு சரியாக ஏறியிருக்கிறதா பாருங்கள். காப்பீட்டில் சம்பா நெல், அடங்கலில் தரிசு என்று இருந்தால் பணம் வராது. பருவத்தின் நடுவிலேயே ஊர் மகசூல் உத்தரவாத அளவில் பாதிக்குக் கீழே போகும் என்று கணித்தால், எதிர்பார்க்கும் இழப்பீட்டில் 25 சதம் வரை முன்பணம் தரவும் வழி இருக்கிறது. அறுவடைக்கு 15 நாளுக்குள் போய்விட்டால் அது கிடைக்காது, அதனால் ஊரே சேர்ந்து கேட்பதாக இருந்தால் சீக்கிரம் கேளுங்கள்.

அரசு வறட்சி நிவாரணம் தனி. அதற்கு 33 சதமும் அதற்கு மேலும் சேதம் என்பது அளவுகோல். 2016இல் வடகிழக்குப் பருவமழை 62 சதம் பொய்த்தபோது 2017 ஜனவரியில் எல்லா மாவட்டத்தையும் வறட்சி பாதித்ததாக அறிவித்து நெல்லுக்கு ஏக்கருக்கு 5,465 ரூபாய் கொடுத்தார்கள். இரண்டையும் குழப்பிக்கொண்டு ஒன்றுக்கு மட்டும் மனு கொடுத்துவிட்டு இருப்பவர்கள் நிறைய.

---

கரிசல்மண் (விளாத்திகுளம் பக்கம்)

இதே இழையில் கேட்டுவிடுகிறேன். எங்கள் பக்கம் மக்காச்சோளம் 55 நாள், கொண்டைப் பூ வந்துவிட்டது, கதிரில் பட்டுநூல் வரவில்லை. பக்கத்துக் காட்டு நாட்டுச் சோளம் அப்படியே வாடி நிற்கிறது, சாகவும் இல்லை. சோளத்தை அறுத்து மாட்டுக்குப் போடலாமா?

---

தொண்டைக்கதிர்

மக்காச்சோளத்தின் பலவீனமே அதுதான். ஆண் பூ உச்சியில், பெண் பூ நடுத்தண்டில். தண்ணீர் குறைந்தால் பயிர் உச்சிக்கு முதலில் கொடுக்கும், பட்டுநூல் பின்தங்கும். மகரந்தம் உதிர்வது ஐந்து முதல் எட்டு நாள். நூல் அதற்குள் வராவிட்டால் கதிரில் பல் விழுந்த வாய் மாதிரி அங்கங்கே மணி. கிணறு இருந்தால் இன்றைக்கு விடும் ஒரு தண்ணீர், அடுத்த வாரம் விடும் இரண்டுக்குச் சமம். கிணறு இல்லையென்றால் நூல் வந்த பத்தாம் நாள் ஐம்பது கதிரை உரித்து எண்ணுங்கள். பாதிக்கு மேல் மணி இல்லையென்றால் பச்சையாகத் தீவனத்துக்கு விற்பதே காசு.

சோளம் வேறு ஜாதி. இலையில் மெழுகு, ஆழமான வேர், வளர்ச்சியை நிறுத்திவைத்து மழை வந்ததும் தொடரும். அதனால் அவசரப்பட்டு அழிக்க வேண்டாம்.

ஆனால் மாட்டுக்கு இப்போது போடவே போடாதீர்கள். வாடிய இளஞ்சோளத்தில் சயனைடு நஞ்சு ஏறியிருக்கும். மழை பெய்ததும் அடியிலிருந்து கிளம்பும் துளிர் அதைவிட ஆபத்து. பூத்த பிறகு அறுத்து நன்றாகக் காயவைத்துச் சோளத்தட்டையாகப் போட்டால் நஞ்சு பெரும்பகுதி போய்விடும். கயிறு அவிழ்த்துக்கொண்டு மாடு மேய்ந்துவிட்டு, மூச்சு வாங்கி, வாயில் நுரை தள்ளி, கால் தடுமாறினால் உடனே கால்நடை மருத்துவர். சோடியம் தயோசல்பேட் ஊசிதான் மருந்து, நேரம் நிமிடக் கணக்கு.

சோளம் தப்பித்து மணி பிடிக்கும்போது மறுபடி காய்ந்தால் கரிக்கோல் அழுகல் வரும். அடித்தண்டு பஞ்சாகி, பிளந்தால் உள்ளே கரித்தூள் தூவியது போல இருக்கும், சாய்ந்துவிடும். அப்படிக் கண்டால் முழுதாக முற்றும்வரை காத்திருக்காமல் அறுத்துவிடுங்கள்.

---

கண்மாய்க்கரை (கேட்டவர்)

நல்லது அண்ணே. களை எடுக்க நாளை ஆள் சொல்லியிருக்கிறேன். ஆர்.என்.ஆர்.இல் உறையைப் பிரித்துப் பார்த்ததில் மாவு இல்லை, குருத்து வெளுப்பு மட்டும்தான், இரும்பு சல்பேட் வாங்கியாயிற்று. 12ஆம் தேதி மாலை எஞ்சின். ஒரே சந்தேகம்: அதற்குள் 10, 15 மி.மீ. மழை பெய்தால் நனைப்பைத் தள்ளிப்போடலாமா?

---

மானாவாரி_63

15 மி.மீ. என்றால் ஏக்கருக்கு 60,000 லிட்டர், பயிருக்கு மூன்று நாள் தண்ணீர். ஆனால் அதன் பெரிய பலன் வேறு: வெடிப்பின் வாய் ஊறி மூடும். அதனால் மழை பெய்தால் தள்ளிப்போடாமல், 12ஆம் தேதியே 7க்குப் பதில் 5 செ.மீ. விட்டு முடியுங்கள். மிச்சமாகும் நாலு மணி நேரத்தை ஆர்.என்.ஆர்.க்கு மாற்றினால் அரை ஏக்கர் ஒரு ஏக்கர் ஆகும். இரும்பு சல்பேட்டை அந்த மழைக்குப் பிறகு அடியுங்கள், முன்னால் அடித்தால் கழுவிக்கொண்டு போய்விடும்.